எம்ஜிபி கதவுக் கைப்பிடி: பழசைத் தேற்றுவதா, புதுசு வாங்குவதா, பித்தளையில் வார்ப்பதா?

தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் எம்ஜிபி என்கிற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களுக்கு இன்ஜின் பெரிய கவலை இல்லை. அதில் இருக்கும் 1798 சிசி பி-சீரிஸ் இன்ஜினும் பழைய பெட்ரோல் அம்பாசடரின் 1489 சிசி இன்ஜினும் ஒரே குடும்பம், அம்பாசடரில் கை பழகிய மெக்கானிக் சுற்றுவட்டாரத்தில் இன்னும் கிடைக்கிறார். மாட்டிக்கொள்வது கதவுக் கைப்பிடியில்தான். குரோம் கொப்புளித்து, அழுத்திய பட்டன் வெளியே வர மறுத்து, கடைசியில் ஜன்னல் வழியாகக் கைவிட்டு உள்ளிருந்து திறக்கிற நிலை வந்ததும் புதுக் கைப்பிடி தேட ஆரம்பிக்கிறோம். அதை வாங்கிப் போட்டபிறகும் கதவு திறக்கவில்லை என்றால் எங்கே தவறு என்றே தெரியாமல் முழிக்க வேண்டியதுதான்.

வண்டி எந்த வகை என்று முதலில் பார்த்துவிடுங்கள். 1962-ல் வந்த முதல் வண்டிகளில் இழுத்துத் திறக்கும் கைப்பிடி. 1965-ல் பட்டன் கைப்பிடிக்கு மாறினார்கள், அதோடு உள்ளே இருக்கும் பூட்டும் மாறியது, 1980-ல் உற்பத்தி நிற்கும்வரை பட்டன்தான். ஒன்றின் கைப்பிடி மற்றதில் சேராது. இங்கே நான் பேசுவது பட்டன் வகையைப் பற்றி.

எந்தக் கைப்பிடிக்கும் காசைக் கொடுக்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். கதவின் உள்பலகையைக் கழற்றி, பின்னால் ஈரத்துக்காக ஒட்டியிருக்கும் பாலிதீன் தாளைக் கிழிக்காமல் உரித்து, கைப்பிடியின் நட்டுகளை எடுத்துவிடுங்கள். கதவு திறந்தே இருக்கட்டும். பூட்டை ஒரு ஸ்க்ரூடிரைவரால் மூடிய நிலைக்குத் தள்ளிவிட்டு, கைப்பிடி இருந்த ஓட்டை வழியாக விரலை விட்டு, பட்டன் தள்ள வேண்டிய அந்தச் சின்ன நெம்பை நேரடியாக அழுத்துங்கள். டக்கென்று விடுபட்டால் பூட்டு நன்றாக இருக்கிறது. விடுபடவில்லை என்றால் உலகத்திலேயே நல்ல கைப்பிடியை வாங்கி மாட்டினாலும் அந்தக் கதவு திறக்காது. பல வருடத்துக் கிரீஸ் காய்ந்து பிசினாகி, அதில் நம் ஊர் வயல்காட்டுத் தூசியும் சேர்ந்திருக்கும், மண்ணெண்ணெயில் நன்றாகக் கழுவி மெல்லிய எண்ணெய் விட்டாலே பாதிப் பூட்டுகள் உயிர் பெற்றுவிடும்.

பூட்டு சரி என்றால் அடுத்தது இடைவெளி. என்னைக் கேட்டால் இந்தக் கைப்பிடி விஷயத்தில் எல்லாம் இதில்தான் இருக்கிறது. பட்டனுக்குப் பின்னால் முன்னும் பின்னும் நகர்த்தக்கூடிய ஒரு திருகு இருக்கும். பட்டன் சும்மா இருக்கும்போது அந்தத் திருகின் முனைக்கும் பூட்டின் நெம்புக்கும் நடுவில் 1 முதல் 1.5 மி.மீ. இடைவெளி வேண்டும். அதிகமானால் பட்டனை முழுக்க அழுத்தியும் திறக்காது, எல்லோரும் புகார் சொல்வது இதைத்தான். இடைவெளியே இல்லாமல் முனை முட்டிக்கொண்டிருந்தால் அது ஆபத்து: பூட்டு எப்போதும் பாதி விடுபட்ட நிலையிலேயே நிற்கும், கதவு மூடின மாதிரி இருக்கும், ஒரு பக்கம் வெண்ணாறு ஓடுகிற சாலையில் வேகத்தடை ஏறி இறங்கும்போது தானாகத் திறந்துகொள்ளும். கண்ணால் பார்த்து அளக்க முடியாத இடம் என்பதால் திருகின் முனையில் கொஞ்சம் மெழுகை ஒட்டி, கைப்பிடியை அதன் அடியில் வரும் ரப்பரோடு சேர்த்து இடத்தில் அழுத்தி வெளியே எடுத்து, நசுங்கிய மெழுகின் கனத்தை அளந்தால் போதும். ரப்பர் இல்லாமல் அளந்தால் கணக்கு தப்பிவிடும், ஏனென்றால் புது ரப்பர் பழசை விடத் தடியாக இருந்தால் அந்தக் கனமும் இடைவெளியில் சேர்ந்துவிடும்.

சரி, இதெல்லாம் பார்த்தபிறகும் கைப்பிடி மாற்றத்தான் வேண்டும் என்றால் என்னென்ன வழி?

பழசைத் தேற்றுவது. அந்தக் கைப்பிடி மாஸாக் என்கிற துத்தநாகக் கலவையில் வார்த்தது, அதில் சுமார் 4 சதவீதம் அலுமினியம். அளவு கச்சிதமாகச் சேரும், பட்டன் அழுத்தும்போது வருகிற அந்த உணர்வு வேறு எதிலும் வராது. ஆனால் குரோமில் ஒரு ஊசித்துளை விழுந்தாலும் ஈரம் உள்ளே போய்த் துத்தநாகத்தைத் தின்றுவிடும், மேலே கொப்புளம், அடியில் குழி. நாகப்பட்டினம், வேதாரண்யம், காரைக்கால் உப்புக்காற்றில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். முலாம் போடுகிறவரிடம் கொடுக்கும்போது இது பித்தளை இல்லை, மாஸாக் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பித்தளைச் சாமான் மாதிரி நினைத்து அமிலத் தாமிரத் தொட்டியில் நேராக இறக்கினால் துத்தநாகம் கரையும். முதலில் சயனைடு தாமிரத்தில் மெல்லிய பூச்சு, பிறகு தாமிரத்தைக் கனமாக ஏற்றிக் குழிகளை நிரப்பித் தேய்த்து, அதன்மேல் நிக்கல், கடைசியில் குரோம் என்று போக வேண்டும். அதேபோல கதவு ஓட்டைக்குள் நுழையும் கால் உடைந்திருந்தால் அதை ஒட்டவைக்க வெல்டிங் பட்டறைக்குக் கொண்டுபோகவே போகாதீர்கள். மாஸாக் 390 டிகிரிக்குள் உருகிவிடும், பித்தளைப் பற்று வைக்க 900 டிகிரி பக்கம் சூடு வேண்டும், பற்று பிடிப்பதற்குள் கைப்பிடி தரையில் சொட்டிக் கிடக்கும். காலுக்குத் துளை போட்டு, மறை வெட்டி, புது ஸ்டட்டை (தலையில்லாத போல்ட்டை) எப்பாக்ஸியோடு திருகுவதுதான் வழி.

புது நகல் வாங்குவது. இங்கிலாந்திலிருந்து கூரியரில் வந்துவிடும், சுங்க வரி கட்ட வேண்டும், குரோம் பளபளவென்று இருக்கும். அவசரத்துக்கு இதுதான். ஆனால் வந்த கைப்பிடியை அப்படியே மாட்டினால் வேலை செய்யும் என்று மட்டும் நம்பாதீர்கள். எனக்கு ஒரு கடையிலிருந்து வந்த ஜோடியில் ஒரு பக்கத்துத் திருகு குட்டை, முழுக்க வெளியே எடுத்தும் நெம்பைத் தொடவில்லை. இன்னொன்றில் ஸ்பிரிங் இவ்வளவு மெலிசு, பட்டன் பாதியில் நின்றது. பழைய கைப்பிடியின் பட்டன், திருகு, ஸ்பிரிங் மூன்றையும் தூக்கிப் போடாமல் வைத்திருந்தால் விட்டத்தை வெர்னியரில் அளந்து பார்த்து, சேர்ந்தால் புது உடம்புக்குள் பழைய உறுப்புகளையே போட்டுவிடலாம். தினமும் ஓட்டுகிற வண்டிக்கு என் ஓட்டு இந்தக் கலப்புக்குத்தான்.

புதுப்பேட்டையில் பழைய சாமான் தேடுவது, அல்லது அம்பாசடர் கைப்பிடியை வைத்துச் சமாளிப்பது, இரண்டையும் யாராவது ஒருவர் சொல்வார். இன்ஜின் உறவுக்காரன் என்பதற்காகக் கைப்பிடி சேர்ந்துவிடாது. கதவுத் தகட்டில் புது ஓட்டை போட்டுத்தான் மாட்ட வேண்டும் என்றால் வேண்டாம். ஓட்டையை அடைத்துப் பெயின்ட் அடிக்க டிங்கரிங் வேலைக்குக் கொடுக்கும் பணத்தில் இரண்டு கைப்பிடி வாங்கலாம்.

இனி பித்தளை. டெல்டாக்காரர்களுக்கு மட்டும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிற வழி இது, ஆசையாக இதைப் பற்றி எழுதுகிறேன். சுவாமிமலையில் மெழுகில் உருவம் செய்து, காவிரி வண்டல் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி உலோகம் ஊற்றுகிறார்கள். பக்கத்திலேயே நாச்சியார்கோவிலில் குத்துவிளக்கின் பாதம், தண்டு, தட்டு, பிரபை எல்லாவற்றையும் மண் அச்சில் தனித்தனியாக வார்த்து, கடைந்து, மறை போட்டு ஒன்றில் ஒன்று திருகுகிறார்கள். விளக்குக்கு மறை வெட்டுகிற பத்தருக்குக் கைப்பிடி ஒன்றும் புதிர் இல்லை. புதிர் அளவில் இருக்கிறது. பித்தளை இறுகும்போது சுமார் ஒன்றரை சதவீதம் சுருங்கும். பழைய கைப்பிடியையே அச்சாக வைத்து எடுத்தால் 100 மி.மீ. தூரம் 98.5 ஆகிவிடும், கால் இரண்டும் கதவு ஓட்டையில் இறங்காது. அதனால் கால்களையும் பட்டன் துளையையும் வார்ப்பிலேயே கொண்டுவரச் சொல்லாதீர்கள். அந்த இடங்களில் சதையைக் கெட்டியாக விட்டு வார்க்கச் சொல்லி, கதவு ஓட்டைகளை அட்டையில் படி எடுத்து, அந்தப் படியை வைத்துப் பிறகு துளை போட்டு மறை வெட்டுங்கள். பட்டன் துளையை லேத்தில் கடையுங்கள். மெழுகில் உருவம் செய்கிறவர் என்றால் ஆரம்பத்திலேயே சற்றுப் பெரிதாகச் செய்யச் சொன்னால் வெளி உருவமும் ஒத்துவரும்.

எடை கால் பங்கு கூடும். இந்த வகையில் கைப்பிடி அசையாது, பட்டன் மட்டுமே அசையும் என்பதால் எடையால் ஒன்றும் கெடுவதில்லை. பித்தளைமேல் நிக்கலும் குரோமும் நன்றாகப் பிடிக்கும். பத்து வருடம் கழித்து முலாம் தேய்ந்தாலும் மறுபடி தேய்த்துப் போட்டுக்கொள்ளலாம், மாஸாக்கில் அது ஒவ்வொரு முறையும் கொஞ்சம் உடம்பைத் தின்றுதான் நடக்கும்.

ஒரு எச்சரிக்கை இருக்கிறது, கடற்கரைக்காரர்கள் இதைக் கவனியுங்கள். மாஸாக்கும் இரும்பும் உப்பு ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் அரிபடுவது மாஸாக். பித்தளையும் இரும்பும் தொட்டுக்கொண்டிருந்தால் அரிபடுவது கதவுத் தகடு. ஆகவே பித்தளைக் கைப்பிடிக்கு அடியில் ரப்பர் முழுசாக இருக்க வேண்டும், கால் நுழையும் ஓட்டையில் ஒரு பிளாஸ்டிக் குழாய்த் துண்டையும் செருகுங்கள், ஓட்டை விளிம்பில் வெறும் இரும்பு தெரிந்தால் பெயின்ட் தொட்டுவிடுங்கள். இதைச் செய்ய மனமில்லை என்றால் கடலோரத்தில் பித்தளை வேண்டாம், நகலே போதும். செய்வீர்கள் என்றால், குழி விழுந்து தேற்ற முடியாத பழைய கைப்பிடிக்குப் பதில் நாகையிலும் காரைக்காலிலும் நான் தயங்காமல் பித்தளையைத்தான் சொல்வேன்.

மாட்டும்போது நட்டைக் கவனியுங்கள். பழைய பிரிட்டிஷ் வண்டியில் யுஎன்எஃப் என்கிற அங்குலக் கணக்கு மறை வரும். அந்த வகை 10-32 ஸ்டட்டில் மில்லிமீட்டர் கணக்கு எம்5 நட்டு தடையில்லாமல் ஏறிவிடும், சரியான நட்டு என்றே கை சொல்லும், ஆனால் பிடிப்பு தொளதொள, ஒரு மாதத்தில் கைப்பிடி ஆடும். பித்தளையில் நீங்களே மறை வெட்டுவதாக இருந்தால் எம்5-ஆகவே வெட்டிவிடுங்கள், உள்ளூர் ஹார்டுவேர் கடையில் நட்டு கிடைக்கும். உள்பலகையை மூடும் முன் கதவின் அடியில் உள்ள வடிகால் ஓட்டைகளைக் கம்பியால் குத்தித் திறந்துவிட்டு, ஐப்பசி மழைக்கு முன் பாலிதீன் தாளைத் திரும்ப ஒட்டுங்கள். பலகையை மாட்டியபின் கதவை முதல் தடவை மூடும்போது ஜன்னல் இறங்கியே இருக்கட்டும்.