களிம்னோஸுக்குப் பாறையேறப் போகிறீர்களா? முதலில் கயிற்றின் நீளத்தைக் கேளுங்கள்

கடந்த அக்டோபரில் கிரேக்கத்தின் களிம்னோஸ் தீவுக்குப் பாறையேறப் போய், ஆளுக்கு 640 யூரோவைத் தொலைத்துவிட்டு வந்தோம். பணத்தையாவது மறந்துவிடலாம். இரண்டு மாடி உயரத்தில், கயிறு தீர்ந்துபோய் அந்தரத்தில் தொங்கியதை மறக்க முடியவில்லை. அடுத்த பருவத்துக்கு யாராவது இப்போது பணம் கட்டிக்கொண்டிருக்கக்கூடும் என்பதால் எழுதுகிறேன்.

நான், என் மைத்துனன், அலுவலக நண்பர் ஒருவர் என மூன்று பேர். பெங்களூரில் உள்ளரங்கச் சுவரில் ஏறிப் பழகியவர்கள். வெளிப்பாறை அனுபவம் குறைவு. அதனால்தான் அறை, வழிகாட்டி, கயிறு எல்லாம் சேர்ந்த ஏழு நாள் ஏற்பாடு ஒன்றை இணையத்தில் பிடித்தோம். கிரேக்கம் போக எடுக்க வேண்டிய ஷெங்கன் விசாவுக்குத் தங்குமிடச் சான்று தேவை. முழுத் தொகையும் வங்கிக் கணக்குக்கு வந்தால்தான் கடிதம் தருவோம் என்றார்கள். விசா நாள் நெருங்கியது, அனுப்பிவிட்டோம். கார்டில் கட்டியிருந்தால் வங்கியிடம் முறையிடவாவது ஒரு வழி இருந்திருக்கும். அவர்கள் கார்டு வேண்டாம் என்றபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

கோஸ் தீவில் விமானம் இறங்கி, மஸ்திகாரி துறையில் படகு பிடித்து, களிம்னோஸின் துறைமுக ஊரான பொத்தியா போய்ச் சேர்ந்தோம். ‘பாறைக்கு நடந்தே போகலாம்’ என்று விளம்பரத்தில் இருந்தது. பேர்பெற்ற பாறைகள் மசூரி, அர்மியோஸ் ஊர்களுக்கு மேலே இருக்கின்றன. எங்களுக்குக் கொடுத்த அறையோ தீவின் மறுபக்கம், பொத்தியா துறைமுகத்தில், கடற்பஞ்சு விற்கும் கடை ஒன்றின் மாடியில். கடலில் மூழ்கிப் பஞ்சு எடுத்தே ஒரு காலத்தில் அந்தத் தீவு பிழைத்தது. அந்த வரலாற்றைப் பார்க்க வந்திருந்தால் அருமையான அறைதான். ‘ஸ்கூட்டர் எடுத்துக்கொள்ளுங்கள்’ என்றார் வழிகாட்டி. அந்த வாடகையும் எங்கள் தலையில்.

காலை எட்டு மணிக்கு வருவதாகச் சொன்னவர் பன்னிரண்டுக்கு வந்தார். இது வெறும் தாமதம் இல்லை. மசூரிப் பக்கத்துப் பாறைகள் பெரும்பாலும் மேற்கு பார்த்தவை. காலையில் நிழல், பிற்பகலில் நேர் வெயில். அக்டோபரிலும் சுண்ணாம்புப் பாறை சூடேறி, உள்ளங்கை வேர்த்து, பிடி வழுக்கும். அங்கே ஒருநாள் தொழில் செய்தவருக்குக்கூட இது தெரிந்திருக்கும். சான்றிதழ் இருக்கிறதா என்று அப்போதுதான் கேட்டேன். ‘இருபது வருடமாக ஏறுகிறேன்’ என்பதே பதில். இடுப்பில் கட்டிக் கயிற்றோடு இணைக்க அவர் கொடுத்த ஹார்னஸில் தயாரிப்பு ஆண்டு அச்சிட்ட துணிப்பட்டை தேய்ந்து வெள்ளையாகிவிட்டிருந்தது.

இரண்டாம் நாள் 34 மீட்டர் வழி ஒன்றில் என்னை ஏற்றினார். நீளத்தைச் சொன்னது அவர் அல்லர், பிறகு பக்கத்துக் குழுவின் கையேட்டில் பார்த்தேன். எங்கள் கயிறு 60 மீட்டர். உச்சி வளையத்தில் கயிறு மடங்கித் திரும்புவதால், அதைக் கொண்டு 30 மீட்டர் வரைதான் ஒருவரை இறக்க முடியும். களிம்னோஸில் 70 மீட்டருக்குக் குறைந்த கயிற்றைக் கொண்டு போகாதே என்பார்கள். பலர் 80 வைத்திருக்கிறார்கள். கயிற்றின் கீழ்நுனியில் ஒரு முடிச்சுப் போட்டிருந்தால், கீழே நிற்பவர் கயிற்றை விட்டுவிட்டுப் பிடிக்கும் கருவிக்குள் நுனி ஓடிப்போகாமல் அங்கேயே நிற்கும். அந்த முடிச்சும் இல்லை. நாங்களும் கவனிக்கவில்லை, உள்ளரங்கச் சுவரில் அதற்குத் தேவையே வந்ததில்லை. அந்தப் பிழை எங்களுடையது.

வழிகாட்டி சற்றுத் தள்ளி நின்று கைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். கயிறு பிடித்திருந்தவன் என் மைத்துனன். பாதிக்கு மேல் இறங்கியிருப்பேன், ‘அத்தான், கயிறு அவ்வளவுதான்!’ என்று கத்தினான். குனிந்து பார்த்தேன். அவன் கைக்குக் கீழே ஒரு முழம் கயிறு ஆடிக்கொண்டிருந்தது, நுனியில் உருகிய கறுப்பு முனை. எனக்குக் கீழே கூரான கற்கள். எட்டும் தூரத்தில் பாறையில் அடித்திருந்த இரும்பு போல்ட்டில் என்னைக் கோத்துக்கொண்டேன். விரல் நடுக்கத்தில் கேரபினர் கொக்கி இரண்டு முறை தவறியது. பக்கத்தில் ஏறிக்கொண்டிருந்த ஆஸ்திரியத் தம்பதிதான் தங்கள் 80 மீட்டர் கயிற்றோடு வந்து என்னை இறக்கினார்கள். வழிகாட்டி சொன்னது: ‘அவன் கவனமாகப் பார்த்திருக்க வேண்டும்.’

அன்றே விலகினோம். மீதிப் பணத்தைக் கேட்டதற்கு, ‘நீங்களாகவே பாதியில் விலகியதால் திரும்பத் தர இயலாது’ என்று ஒற்றை வரி மின்னஞ்சல். விசாவுக்காக எடுத்த பயணக் காப்பீட்டைப் புரட்டிப் பார்த்தால், பாறையேற்றத்துக்கு அது செல்லாது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. கீழே விழுந்திருந்தால் மருத்துவமனைச் செலவும் என் கையிலிருந்துதான்.

மசூரியில் வேறு அறை எடுத்து, அங்கிருந்த ஒரு கடையில் கயிறு வாடகைக்கு வாங்கி, பன்னாட்டு மலை வழிகாட்டிச் சான்றிதழ் பெற்ற ஒரு பெண்மணியை இரண்டு நாளுக்கு அமர்த்தினோம். சான்றிதழ் அட்டையை நாங்கள் கேட்கும் முன்பே காட்டினார். பாறையடிக்கு வந்ததும் அவர் செய்த முதல் வேலை, கயிற்றின் நுனியைத் தேடி எடுத்து முடிச்சுப் போட்டது.

எங்களை ஏமாற்றியவர்களின் விளம்பரம் இன்னும் ஓடுகிறது. கிராண்டே குரோட்டா குகையில் சுண்ணாம்புத் தொங்கல்களுக்கு நடுவே ஒருவர் தலைகீழாக ஏறும் அதே படம். எங்களை அந்தக் குகைப் பக்கமே அவர்கள் அழைத்துப் போகவில்லை. இப்போது புதிதாக ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள்: முழுத் தொகையையும் முன்கூட்டியே அனுப்புவோருக்குப் பத்து விழுக்காடு தள்ளுபடி.