4 ஜிபி மடிக்கணினிக்கு எந்த லினக்ஸ் கெர்னல்?

கொழிஞ்சாம்பாறை, சித்தூர் வட்டாரத்தில் தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைகளுக்கு லினக்ஸ் புதிதல்ல. கேரள அரசின் கைட் நிறுவனம் உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய இயங்குதளத்தைப் பள்ளியிலேயே பழகிவிடுகிறார்கள். அதனால் வீட்டுக்கு வாங்கும் சிறிய மடிக்கணினியிலும் லினக்ஸ் ஏறுகிறது; ஆனால் வன்பொருளையும் மென்பொருள்களையும் இணைக்கும் அதன் மையப் பகுதியான கெர்னலில் எது அந்தக் கணினிக்குப் பொருந்தும் என்று பார்ப்பவர்கள் குறைவு. இன்டெல் செலரான் என்4020 செயலியும் 4 ஜிபி நினைவகமும் கொண்ட எங்கள் கணினியில், டெபியன் 12 என்ற லினக்ஸ் வழங்கலின்மேல் மூன்று கெர்னல்களை மாற்றி மாற்றிப் பயன்படுத்திய அனுபவத்தில் இதை எழுதுகிறேன்.

டெபியன் 12 உடன் வருவது நீண்டகாலப் பராமரிப்பு உள்ள 6.1 பதிப்புக் கெர்னல். 2019இல் வந்த இந்தச் செயலிக்கு வேண்டியவை எல்லாம் இதில் உள்ளன. இத்தகைய கணினியைத் திணறடிப்பது பெரும்பாலும் செயலி அல்ல, நினைவகம்தான். உலாவியில் பாடக் காணொளியும் நாலைந்து பக்கங்களும் திறந்திருந்தாலே 4 ஜிபி நிரம்பிவிடும். எந்த நினைவகப் பக்கத்தை (நினைவகத்தின் சிறு கூறு) வைத்துக்கொள்வது, எதை வெளியேற்றுவது என்பதைத் தலைமுறைகளாகப் பிரித்துத் தீர்மானிக்கும் எம்ஜிஎல்ஆர்யூ என்ற ஏற்பாடு 6.1இல்தான் கெர்னலுக்குள் வந்தது. சில வழங்கல்களில் இது அணைத்து வைக்கப்பட்டிருக்கும் என்பதால், சரிபார்த்து இயக்கிவிட வேண்டும். கூடவே, நினைவகத்தின் ஒரு பகுதியில் தரவைச் சுருக்கி வைத்து, அதை ஸ்வாப்பாக (நினைவகம் நிரம்பும்போது உதவும் கூடுதல் இடமாக) பயன்படுத்தும் இசட்ரேமையும் அமைத்தால், உறைந்து நிற்கும் தொல்லை வெகுவாகக் குறைகிறது.

இரண்டாவது, புதிய மென்பொருள்களைப் பழைய டெபியன் பதிப்புக்கும் தரும் பேக்போர்ட்ஸ் என்ற களஞ்சியம் வழியாகக் கிடைக்கும் 6.12. 2024 நவம்பரில் வெளியான இதுவும் நீண்டகாலப் பராமரிப்புக்கு உரியது. டெபியன் 13-இன் இயல்புக் கெர்னலும் இதுவே. 6.6இல் அறிமுகமான செயலியின் நேரத்தைப் பணிகளுக்குப் பங்கிடும் ஈஈவிடிஎஃப் என்ற புதிய பணி ஒதுக்கீட்டு முறை இதில் இருப்பதால், பின்னணியில் மேம்படுத்தல் இறங்கிக்கொண்டிருக்கும்போதும் லிபரேஆபிஸில் தட்டச்சு தடுமாறவில்லை. இரண்டே கோர்கள் உள்ள செயலியில் இது சிறிய நன்மை அல்ல.

மூன்றாவது லிக்கரிக்ஸ். உடனடி எதிர்வினைக்காக மின்சிக்கனத்தை விட்டுக்கொடுக்கும் கெர்னல் இது. ஒலிப்பதிவு செய்வோருக்கும் விளையாடுவோருக்கும் நிச்சயம் பயன்படும். எங்கள் கணினியிலோ பேட்டரி விரைவாக இறங்கியது, அடிப்பகுதியும் சூடேறியது. புதிய பதிப்புகள் அடிக்கடி வருவதால் கைப்பேசி இணையத்தை நம்பியிருப்போருக்கு டேட்டாச் செலவும் கூடும். நம்பகமான மின்கையொப்பம் இல்லாத கெர்னலைத் துவங்கவிடாத செக்யூர் பூட் இயங்கும் கணினியில், நாமே கையொப்பமிட்டுத் தராவிட்டால் இது துவங்காது.

ஆகவே 4 ஜிபி கணினிக்கு என் தேர்வு 6.12. ஆட்டம் என்270 போன்ற பழைய 32 பிட் செயலி வைத்திருப்பவர்கள் மட்டும் 6.1இன் 686-பிஏஇ என்ற 32 பிட் கெர்னலிலேயே இருக்க வேண்டும். டெபியன் 13, 32 பிட் கணினிகளுக்கான கெர்னலைத் தருவதில்லை. எதை நிறுவினாலும், புதியதில் வைஃபையும் ஒலியும் உறக்கநிலையும் சரியாக இயங்குவதைப் பார்த்து உறுதிசெய்யும்வரை பழைய கெர்னலை நீக்காதீர்கள். துவக்கத்தில் வரும் க்ரப் பட்டியலில் அதைத் தேர்ந்தெடுத்துத் திரும்பிவிடலாம்.