மெடிக்கல் ஷாப் பில்லிங் சாப்ட்வேர்: டெமோவில் எதைச் சோதித்து வாங்குவது?

மெடிக்கல் ஷாப்புக்கு சாப்ட்வேர் விற்க வருபவர் முதலில் காட்டுவது பில் போடும் திரையைத்தான். நாலு எழுத்து தட்டினால் மருந்து வரும், என்டர் அடித்தால் பில் வரும். மார்க், கோஃப்ருகல் போன்ற பெயர்பெற்ற தொகுப்புகள் முதல் உள்ளூர்க்காரர் எழுதித் தருவது வரை இந்த வேலையை எல்லாமே செய்துவிடும். இதற்கு மதிப்பெண் போட வேண்டியதில்லை. தனிக் கடைக்காரரின் பணம் முடங்கிக் கிடப்பது ரேக்கில். சரக்கு உள்ளே வரும்போதும், காலாவதியாகி வெளியே போகும்போதும் சாப்ட்வேர் என்ன செய்கிறது என்பதுதான் பார்க்க வேண்டிய விஷயம்.

டெமோவுக்கு வருபவரிடம் ஸ்டாக்கிஸ்ட் (மருந்து மொத்த வியாபாரி) பில் ஒன்றைக் கொடுத்து ஏற்றச் சொல்லுங்கள். 10+1 ஸ்கீம் உள்ள பில்லாக இருக்கட்டும். ஸ்ட்ரிப் 100 ரூபாய் வீதம் பத்துக்குப் பணம் கட்டி பதினொன்று வாங்கினால் அடக்க விலை 90.91. சில தொகுப்புகள் இலவச ஸ்ட்ரிப்பைத் தனி வரியில் பூஜ்ய விலையில் ஏற்றிவிடும். அப்போது பத்து ஸ்ட்ரிப்பின் அடக்கம் 100 என்று நிற்கும். ஒரு ஸ்ட்ரிப் முழு லாபம் போலத் தெரியும். லாப அறிக்கை அதோடு போச்சு.

அடக்க விலை தப்பானால் அடி விழுவது தள்ளுபடியில். விலைக் கட்டுப்பாட்டில் உள்ள மருந்துக்கு 2013 மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி சில்லறை வியாபாரியின் பங்கு, அவருக்கு வரும் விலைக்கு மேல் 16 சதவீதம். 100 ரூபாய்க்கு வந்தது 116. 5 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் எம்.ஆர்.பி. 121.80. எதிரே உள்ள செயின் கடையைப் பார்த்து 10 சதவீதம் தள்ளினால் கைக்கு வருவது 109.62. வரி போக 104.40, அதாவது மிச்சம் 4.40. 15 சதவீதம் தள்ளினால் 1.40 கைநஷ்டம். வாடகையும் பார்மசிஸ்ட் சம்பளமும் இதற்குப் பிறகுதான். ஸ்கீமில் வந்த சரக்கு என்றால் அதே 10 சதவீதத் தள்ளுபடியிலும் 13.49 நிற்கும். ஆகவே தள்ளுபடி தட்டும்போதே மிச்சம் எவ்வளவு என்று கவுண்டரில் இருப்பவருக்குத் தெரிய வேண்டும். பில் முழுமைக்கும் ஒரே சதவீதம் போட மட்டும் விடும் சாப்ட்வேர் வேண்டவே வேண்டாம்.

அடுத்து, உதிரி மாத்திரை. 15 மாத்திரை ஸ்ட்ரிப்பில் 7 கேட்கிறார்கள். இருப்பை ஸ்ட்ரிப் கணக்கில் வைத்திருக்கும் தொகுப்பு 0.47 என்று கழிக்கும். மாதக் கடைசியில் எண்ணிப் பார்த்தால் ஒத்துப்போகாது. இருப்பு மாத்திரை எண்ணிக்கையில் இருக்க வேண்டும், ஸ்ட்ரிப் என்பது வெறும் காட்சிக்கு. (வெட்டும்போது பேட்ச் எனப்படும் தயாரிப்புத் தொகுதியின் எண்ணும் காலாவதித் தேதியும் அச்சான பக்கத்தைக் கடையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதை எந்த சாப்ட்வேரும் பையனுக்குச் சொல்லித் தராது.)

முதலில் காலாவதியாகும் பேட்சை பில்லில் தானாக எடுப்பதாக எல்லோரும் பெருமையாகச் சொல்வார்கள். திரை பழைய பேட்சைக் கழிக்கும். கை முன்னால் இருக்கும் புது ஸ்ட்ரிப்பை எடுத்துக் கொடுத்துவிடும். ஆறு மாதத்தில் கணக்கில் தீர்ந்துபோன பேட்ச் ரேக்கின் பின்னால் காலாவதியாகிக் கிடக்கும். 2023 ஆகஸ்ட் 1 முதல் 300 பிராண்டுகளுக்கு க்யூ.ஆர். அல்லது பார்கோடு கட்டாயம். அதில் பேட்சும் காலாவதித் தேதியும் உண்டு. அந்த ஸ்கேனைப் படித்து பேட்சைத் தேர்ந்தெடுக்கிறதா என்று கேளுங்கள். மற்ற மருந்துகளுக்கு பேட்ச் எண்ணைக் கண்ணால் பார்த்து மாற்ற ஒரே விசை போதும்படி இருக்க வேண்டும். காலாவதியை 03/26 என்று தட்டினால் சரியாக மார்ச் 31 என்று எடுக்கிறதா, தப்பாக மார்ச் 1 என்றா என்பதையும் பாருங்கள்.

எக்ஸ்பைரி அறிக்கை வெறும் பட்டியலாக வந்தால் பாதிப் பயன்தான். எத்தனை மாதம் முன்னால் திருப்ப வேண்டும், எவ்வளவு கழிப்பார்கள் என்பது ஸ்டாக்கிஸ்டுக்கு ஸ்டாக்கிஸ்ட் மாறும். ஆகவே ஸ்டாக்கிஸ்ட் வாரியாக, வாங்கிய பில் எண்ணோடு பிரிந்து வர வேண்டும். திருப்பிய சரக்குக்கு கிரெடிட் நோட் (தொகையை வரவு வைத்துத் தரும் சீட்டு) வரும்வரை அந்தத் தொகை 'வர வேண்டியது' என்று நிற்க வேண்டும். இதை வைக்காத கடையில் விற்பனைப் பிரதிநிதி மாறினால் கிரெடிட்டும் மறந்துபோகும்.

ஹெச்1 பதிவேடு, அதாவது டாக்டர் சீட்டில்லாமல் தரக்கூடாத குறிப்பிட்ட மருந்துகளின் விற்பனையைப் பதியும் ஏடு, 2014 மார்ச் முதல் நடைமுறையில் இருக்கிறது. செஃபிக்ஸிம், டிரமடால், அல்பிரசோலம் போன்றவற்றுக்கு டாக்டர் பெயர், முகவரி, நோயாளி பெயர், மருந்து, அளவு எல்லாம் தனியாகப் பதிந்து மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். டெமோவில் செஃபிக்ஸிம் ஒரு ஸ்ட்ரிப்பை, 'கேஷ்' என்ற பெயரில் பில் போட்டுப் பாருங்கள். தடுக்காமல் பில் வந்தால் வேறு சாப்ட்வேர் தேடலாம்.

வரி மாற்றமும் நல்ல சோதனை. 2025 செப்டம்பர் 22 அன்று பெரும்பாலான மருந்துகளுக்கு வரி 12-லிருந்து 5 ஆனது. 112 என்று அச்சான பழைய ஸ்ட்ரிப்பை 105-க்கு விற்க வேண்டும். வரி விகிதத்தை மட்டும் மாற்றி எம்.ஆர்.பி.யை விட்டுவிட்டால், பில் 112-ஐயே காட்டி அடிப்படை விலையை 106.67 ஆக்கிவிடும், வரிக் குறைப்பு வாடிக்கையாளருக்குப் போய்ச் சேராது. பேட்ச் வாரியாக விலையை மொத்தமாகத் திருத்த வழி இருக்கிறதா என்று கேளுங்கள்.

நெட் இல்லாமல் பில் ஓட வேண்டும். சரக்குக் கணக்கு, வாடிக்கையாளர் கணக்கு இரண்டையும் எக்ஸெலில் எப்போது வேண்டுமானாலும் எடுக்க முடிய வேண்டும். ஆண்டுச் சந்தா கட்டாவிட்டால் பழைய பில்லாவது திறக்குமா என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

பணத்தைவிட அதிகம் செலவாவது ஆரம்ப இருப்பு ஏற்றும் வேலை. பேட்சும் தேதியும் தவிர்த்து எண்ணிக்கையை மட்டும் ஏற்றினால், பழைய சரக்கு தீரும்வரை எக்ஸ்பைரி அறிக்கை வெறும் காகிதம். இரவில் கடை மூடிய பிறகு ஒரு ரேக் வீதம் ஏற்றுங்கள்; ஏற்றி முடித்த ரேக்குக்கு மட்டும் மறுநாள் முதல் கம்ப்யூட்டர் பில், மற்றதற்குக் கை பில்.