250 வாட் என்று எழுதியிருக்கும், எரிவது 60 வாட்: புரூடர் செட் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

மழைக்கு முன்னால் கோழிக்குஞ்சு இறக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். புரூடர் என்பது தாய்க்கோழிக்குப் பதிலாகக் குஞ்சுக்குச் சூடு தரும் அமைப்பு.

தகரக் குடை, 250 வாட் அகச்சிவப்பு பல்பு, சூட்டைப் பார்த்துப் பல்பைப் போட்டு அணைக்கும் டிஜிட்டல் தெர்மோஸ்டாட் மூன்றும் சேர்ந்த புரூடர் செட்டை நெல்லையில் ஒரு கடையில் வாங்கினோம். 100 குஞ்சுக்குத் தாராளம் என்றார்கள். வெயில் அடிக்கும்வரை குறை தெரியவில்லை. மழை இறங்கி வாடைக் காற்று திரும்பிய முதல் ராத்திரியே குஞ்சுகள் குடைக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குவிந்தன. அடியில் கிடந்தவை நசுங்கிச் செத்தன. தப்பியவற்றில் பலவற்றுக்கு எச்சம் பின்பக்கம் காய்ந்து ஒட்டி அடைத்துக்கொண்டது. கடையில் கேட்டால், "நம்ம ஊரு வெக்கைக்கு இதுவே சாஸ்தி அண்ணாச்சி, குஞ்சுதான் சவலை" என்று பதில் வந்தது.

குஞ்சில் குறை இல்லை. பல்பு, தெர்மோஸ்டாட் இரண்டும்தான் பொய்.

பல்பைச் சோதிக்க வீட்டு இபி மீட்டரே போதும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை துடிப்பு, அதாவது எத்தனை மின்னல் என்று மீட்டர் முகப்பில் அச்சிட்டிருக்கும். பல மீட்டர்களில் அது 3200. வீட்டில் மற்ற எல்லாவற்றையும் அணைத்து, இந்தப் பல்பை மட்டும் போட்டு, மீட்டரில் உள்ள சின்ன விளக்கு நிமிடத்துக்கு எத்தனை தடவை மின்னுகிறது என்று எண்ணுங்கள். அந்த எண்ணிக்கையை 60ஆல் பெருக்கி, மீட்டரில் அச்சிட்ட எண்ணால் (இங்கே 3200) வகுத்து, 1000ஆல் பெருக்கினால் வாட் வந்துவிடும். நிஜமான 250 வாட் பல்புக்கு 13 தடவை மின்ன வேண்டும். எங்கள் செட்டுக்கு மின்னியது 3 தடவை, அதாவது 60 வாட் அளவு. சிவப்பு நிறமும் மேல்பூச்சுதான். நகத்தால் சுரண்டினால் சாயம் உரிந்து உள்ளே சாதாரண குண்டு பல்பு தெரிந்தது. சிவப்பு எல்இடியைக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். எல்இடி வெளிச்சத்துக்குச் செய்தது, 9 வாட்டில் குஞ்சுக்குச் சேருகிற சூடு ஒன்றுமில்லை.

தெர்மோஸ்டாட்டுக்கு ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீர் போதும். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரையும் தெர்மோஸ்டாட்டின் உலோக முனையையும் சேர்த்து அமிழ்த்திப் பாருங்கள். இரண்டும் ஒரு டிகிரிக்குள் ஒத்துப்போக வேண்டும். இந்தச் செட்டில் தண்ணீர் 37 டிகிரி இருக்கும்போது பெட்டி 42 காட்டியது. அப்படியானால் 35க்கு வைத்தால் நிஜமாக 30 வந்ததுமே பல்பை அணைத்துவிடும். 60 வாட் பல்பு, அதுவும் பாதி நேரம் அணைந்து கிடக்கும். மழை ராத்திரியில் குஞ்சு என்ன செய்யும்?

முதல் இரண்டு வாரம் குஞ்சுக்குத் தன் உடம்புச் சூட்டைத் தானே காக்கத் தெரியாது. மேலே இருப்பது வெறும் பூமுடி, நனைந்தால் அதுவும் பயனில்லை. முதல் வாரம் குஞ்சின் முதுகு உயரத்தில் 35 டிகிரி வேண்டும். பிறகு வாரம் 3 டிகிரி வீதம் குறைக்கலாம். கார்த்திகை ராத்திரியில் இங்கே 22, 23 டிகிரி நமக்கு இதம். குஞ்சுக்கு அது 12 டிகிரி பள்ளம். "நம்ம ஊர்ல ஏது குளிர்" என்கிற பேச்சை நம்பித்தான் பலர் இழக்கிறார்கள்.

குஞ்சுக்கு 2 வாட் என்பது அடிப்படைக் கணக்கு. 100 குஞ்சுக்கு ஒரே பெரிய பல்பை விட நான்கு 60 வாட் குண்டு பல்பு நல்லது. ஒன்று பியூஸ் ஆனாலும் மூன்று எரியும். ஹோல்டர் பீங்கானில் இருக்கட்டும், பிளாஸ்டிக் உருகும். வயரில் தொங்கவிடாமல் சங்கிலியில் மாட்டுங்கள். தரையில் பரப்பிய உமிக்கு ஒன்றரை அடி மேலே தொடங்கி, தேவைப்பட்டால் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கலாம். ஒரு அடிக்குக் கீழே இறக்கினால் உமி பற்றிக்கொள்ளும் ஆபத்து உண்டு. தெர்மோஸ்டாட் முனை பல்புக்குப் பக்கத்தில் தொங்கக் கூடாது. குடையின் ஓரத்தில், உமிக்கு 2 அங்குலம் மேலே இருக்க வேண்டும்.

உமியோ தேங்காய் நார்க்கழிவோ 2 அங்குலம், காய்ந்ததாக. சுற்றிலும் ஒன்றரை அடி உயரத் தகடு, 5 அடி விட்டம். சாக்கையோ தார்ப்பாயையோ வாடைப் பக்கம் தரையிலிருந்து கட்டி, மேலே ஒரு அடி திறந்து விடுங்கள். முழுக்க மூடினால் எச்சத்தின் அம்மோனியா கண்ணையும் மூச்சையும் கெடுக்கும். குஞ்சு பரவலாகப் படுத்திருந்தால் சூடு சரி. நடுவில் குவிந்தால் குளிர், ஓரத்துக்கு ஓடி வாயைத் திறந்து இரைத்தால் சூடு அதிகம், ஒரே பக்கம் ஒதுங்கினால் எங்கோ காற்று புகுகிறது. சந்தேகம் வந்தால் ஒரு குஞ்சைத் தூக்கி அதன் காலை உங்கள் கன்னத்தில் வையுங்கள். சில்லென்று இருந்தால் தாமதம் வேண்டாம், முதலில் சூடு. கால் வெதுவெதுத்த பிறகு லிட்டருக்கு 50 கிராம் கருப்பட்டி கரைத்த வெதுவெதுப்பான தண்ணீர், அதற்குப் பிறகே தீவனம்.

கரண்டு போவதற்கும் தயாராக இருங்கள். 2023 டிசம்பர் 17, 18 பெருமழையில் இந்தப் பக்கம் பல ஊர்களில் கரண்டு வரப் பல நாள் ஆனது. குஞ்சு வந்த அட்டைப் பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள். அதில் உள்ள தடுப்பு அறை ஒவ்வொன்றிலும் 25 வீதம் விட்டு வீட்டுக்குள் வைத்தால் ஒன்றின் சூடு இன்னொன்றுக்கு ஆகும். துளைகளை மட்டும் அடைக்கக் கூடாது. சுடுதண்ணீர் பாட்டிலைச் சாக்கில் சுற்றிப் பக்கத்தில் வைத்து, ஆறினதும் மாற்றுங்கள். கரி போடுவதானால் வெளியே பற்றவைத்து, புகை முழுக்க அடங்கிய பிறகே உள்ளே கொண்டுவர வேண்டும். அப்போதும் மேல் திறப்பை மூடக் கூடாது, அந்தக் கொட்டகையில் ஆளும் படுக்கக் கூடாது. கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்கிற விஷவாயுவுக்கு வாசனையே கிடையாது.

கடைசியாக, ரசீது. எங்களுக்குக் கிடைத்தது எஸ்டிமேட் சீட்டுதான். அதில் வாட் இல்லை, மாடல் இல்லை. "250 வாட் அகச்சிவப்பு பல்பு" என்று எழுதிய ஜிஎஸ்டி பில் கேளுங்கள், தர மறுத்தால் வாங்காதீர்கள். குஞ்சு வருவதற்கு ஒரு வாரம் முன்பே மீட்டர் சோதனையைச் செய்து, பல்பும் மீட்டரும் தெரிய வீடியோ எடுத்து வையுங்கள். கடைக்காரர் மாற்றித் தராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் செய்யலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். சொந்தப் பிழைப்புக்காகக் கோழி வளர்ப்பவரும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நுகர்வோர்தான், "இது வியாபாரத்துக்கு வாங்கியது, செல்லாது" என்று கடையில் சொன்னால் கேட்டுக்கொண்டு திரும்பி வராதீர்கள்.