பிள்ளைகளுக்கான ஹார்ட்பூட் ஸ்னோபோர்டு: காரைக்குடியிலிருந்து ஒரு மதிப்புரை

எங்கள் பிள்ளைகள் இருவருக்காக ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக் நகரில் வாங்கிச் சேர்த்த ஹார்ட்பூட் ஸ்னோபோர்டுச் சாதனங்களைப் பற்றிய மதிப்புரை இது. மகனுக்குப் பன்னிரண்டு வயது, மகளுக்கு ஒன்பது. பூட்ஸ், அதைப் பலகையோடு பிணைக்கும் பைண்டிங், நின்றபடி பனியில் சறுக்கும் பலகை ஆகிய மூன்றும் பிள்ளைகளின் அளவில் ஒரே பெட்டியில் கிடைப்பதில்லை. தனித்தனியே தேடி, ஒன்றோடொன்று பொருந்துகிறதா என்று பார்த்துத்தான் சேர்க்க வேண்டியிருக்கிறது. பனியே விழாத செட்டிநாட்டில் இருந்துகொண்டு இது எதற்கு என்று உறவினர்கள் கேட்டார்கள். பிள்ளைகளின் அம்மான் இன்ஸ்ப்ரூக்கில் வேலை பார்க்கிறார். அரையாண்டு விடுமுறைக்கு அங்கே போவது எங்கள் வீட்டு வழக்கமாகிவிட்டது. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிற்கப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் போன ஊரின் வித்தையைக் கற்றுக்கொண்டு திரும்புவதில் வியப்பதற்கு ஒன்றும் இல்லை என்பது என் எண்ணம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்றில் பூட்ஸ் சரியாக அமைந்துவிட்டால் மற்ற இரண்டும் சுமாராக இருந்தாலும் பிள்ளை கற்றுக்கொள்ளும். பூட்ஸ் பொருந்தாவிட்டால் எவ்வளவு உயர்ந்த பலகையாலும் பயனில்லை. ஆகவே பணத்தையும் பொறுமையையும் பூட்ஸுக்கே செலவிட வேண்டும்.

இதைப் பார்த்திராதவர்களுக்காகச் சற்று விளக்குகிறேன். வாடகைக் கடைகளில் பெரும்பாலும் கிடைப்பவை மென்மையான பூட்ஸ். அவற்றை வார்ப்பட்டைகளால் பலகையோடு இறுக்குவார்கள். ஹார்ட்பூட்டின் வெளிக்கூடு உறுதியான பிளாஸ்டிக்கால் ஆனது, உள்ளே கழற்றி மாட்டக்கூடிய நுரை லைனர் இருக்கும். பலகைமேல் திருகப்பட்ட தட்டு வடிவப் பைண்டிங்கின் எஃகுக் கம்பி வளையங்கள் பூட்ஸின் முன்விளிம்பையும் பின்விளிம்பையும் கவ்விப் பிடிக்கும். பாதங்கள் இரண்டும் பலகைக்குக் குறுக்காக நில்லாமல் முன்நோக்கித் திரும்பியிருப்பதால், முழங்காலின் சிறு அசைவுகூடப் பலகையின் விளிம்புக்கு உடனே போய்ச் சேர்கிறது. பலகையை விளிம்பில் சாய்த்து நிறுத்தினால் அதன் பக்கவாட்டு வளைவு பனியில் பதிந்து பலகையைத் தானாகவே திருப்பும். கார்விங் என்பது அதுதான். சறுக்கித் தேய்த்துத் திரும்புகிறவரின் பின்னால் அகலமான தடம் கிடக்கும். கார்விங் செய்தவரின் பின்னால் கோலத்தில் பிசிறில்லாமல் இழுத்த ஒற்றை இழைபோல ஒரு கோடு மட்டுமே இருக்கும். 1998இல் நகானோ ஒலிம்பிக்கில் ஸ்னோபோர்டு முதன்முறையாக இடம்பெற்றபோது, நட்டுவைத்த கம்பங்களைச் சுற்றி வளைந்து இறங்கும் ஜயன்ட் ஸ்லாலமும் அதில் ஒரு போட்டியாக இருந்தது. 2002 முதல் இருவர் அருகருகே இறங்கும் பேரலல் ஜயன்ட் ஸ்லாலமாக அது நடக்கிறது. 2018இல் இந்தப் போட்டியிலும் காலுக்கு ஒரு பலகை மாட்டும் பனிச்சறுக்கின் (ஸ்கீ) சூப்பர்-ஜி போட்டியிலும் ஒரே ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற செக் நாட்டு வீராங்கனை எஸ்தர் லெடெக்காவின் ஓட்டத்தைக் காணொளியில் காட்டிய பிறகுதான் என் மகள் இதைக் கேட்கத் தொடங்கினாள்.

இனி பூட்ஸுக்கு வருகிறேன். இதன் அளவு பாதத்தின் நீளத்தைச் சென்டிமீட்டரில் குறிக்கும் மொண்டோ முறையில் இருக்கும். சுவரில் குதிகாலை ஒட்டி, உடல் எடை முழுவதையும் அந்தக் காலில் வைத்து நிற்கச் செய்து, காகிதத்தில் நீண்ட விரலின் நுனியைக் குறித்து அளந்தால் வீட்டிலேயே தெரிந்துவிடும். மகனுக்கு 24, மகளுக்கு 21.5 வந்தது. மகனுக்கு ஆஸ்திரிய நிறுவனமான டீலக்ஸ் தயாரித்த ஹார்ட்பூட் ஒன்று, ஒருவர் பயன்படுத்தியது, நல்ல நிலையில் கிடைத்தது. மகளின் அளவில் ஸ்னோபோர்டுக்கென்றே செய்த ஹார்ட்பூட் தேடியும் அகப்படவில்லை. சிறிய அளவுகள் அவ்வளவு அரிது. அதனால் அவளுக்குப் பிள்ளைகள் அணியும், கூடு எளிதில் வளையும் பனிச்சறுக்கு (ஸ்கீ) பூட்ஸையே வாங்கினோம். சிறு பிள்ளைகளுடைய பெற்றோர் பலரும் கைக்கொள்ளும் வழி அது. எங்கள் அனுபவத்தில் அது தற்காலிக ஏற்பாடாகத் தோன்றவில்லை, முழுமையாகவே பயன்பட்டது.

ஒரு கடையில் மகளுக்கு இரண்டு அளவு பெரிய பூட்ஸை எடுத்து வைத்து, வளர்கிற பிள்ளைதானே, அடுத்த ஆண்டுக்கும் ஆகும் என்றார்கள். பள்ளிச் சீருடைக்குச் சரியாக இருக்கும் இந்த யோசனை இங்கே பொருந்தாது. பெரிய பூட்ஸுக்குள் குதிகால் எழும்பும். எழும்பும் குதிகாலை அடக்கப் பிள்ளை பக்கிளை இறுக்கும். இறுக்கினால் ரத்த ஓட்டம் குறைந்து கால் குளிரும். குளிர்ந்த பிள்ளை அரை மணி நேரத்தில் அறைக்குத் திரும்ப வேண்டும் என்று அழும். அளவு பார்க்க நம்பகமான வழி, லைனரை வெளியே எடுத்துவிட்டு வெறும் கூட்டுக்குள் காலை நுழைத்து, விரல்நுனி முன்பக்கத்தைத் தொடும்வரை தள்ளி, குதிகாலுக்குப் பின்னால் எத்தனை இடம் இருக்கிறது என்று பார்ப்பதுதான். ஒன்றரை விரல் அகலம் இருந்தால் பிள்ளைக்குப் போதும், இரண்டு விரலைத் தாண்டினால் வேண்டாம். லைனரோடு மாட்டி நேராக நிற்கும்போது விரல்நுனி மெல்லத் தொட வேண்டும், முழங்காலை மடக்கியவுடன் பின்வாங்க வேண்டும். உள்ளே முழங்கால்வரை உயர்ந்த மெல்லிய காலுறை ஒன்று மட்டுமே. குளிருக்கு அஞ்சி இரண்டு காலுறை போட்டால் மடிப்பு விழுந்து கால் நோகும்.

அளவைவிடவும் கவனிக்க வேண்டியது பூட்ஸ் வளைந்துகொடுக்கும் தன்மை. பெரியவர்களின் பந்தய பூட்ஸ் பிள்ளையின் எடைக்கு அசையவே அசையாது. கணுக்கால் மடங்காத பிள்ளை இடுப்பை மட்டும் மடித்துக் குனிந்து நிற்கும், எடை பின்காலுக்குப் போய்விடும், பலகையின் முன்பகுதி பிடிப்பிழந்துவிடும். பக்கிள்களை மாட்டி நிற்கவைத்து, முழங்காலைப் பாதத்துக்கு மேலே முன்தள்ளச் சொல்லுங்கள். கீழ்க்கால் பூட்ஸின் நாக்கை அழுத்தி, கூட்டின் மேல்பகுதி கண்ணுக்குத் தெரியும்படி முன்னால் சாய வேண்டும். இங்கே நம் ஊர்ப் பெற்றோர் குறிப்பாக நினைவில் வைக்க வேண்டிய ஒன்று உண்டு: பிளாஸ்டிக் வெப்பத்தில் இளகும், குளிரில் இறுகும். சித்திரை வெயிலில் எங்கள் வீட்டு வளவில் எளிதாக வளைந்த அதே பூட்ஸ், பனிமலையின் காலைக் குளிரில் இன்னொரு பூட்ஸோ என்று எண்ணும் அளவுக்கு விறைத்து நின்றது. காரைக்குடியில் வளைகிறது என்பதை வைத்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம். காரைக்குடியிலேயே வளையவில்லை என்றால் மட்டும் தயங்காமல் ஒதுக்கிவிடலாம்.

பைண்டிங்கில் குதிகாலை அழுத்தினாலே பூட்டிக்கொள்ளும் வகை ஒன்றும், குனிந்து கையால் நெம்பை மடக்கிப் பூட்டும் சாதாரண வகை ஒன்றும் உண்டு. முதல் வகை பெரியவர்களுக்கு வசதி. அதற்குப் பூட்ஸின் குதிகாலில் தனி உறுப்பு வேண்டும், எடை குறைந்த பிள்ளை மிதித்தால் பல நேரம் முழுதாகப் பூட்டாது. நாங்கள் எஃப்2 நிறுவனத்தின் சாதாரண வகையை இருவருக்கும் எடுத்தோம்; நான் பரிந்துரைப்பதும் அதையே. பூட்டும் முன் பூட்ஸின் அடிப்பாகத்தை முன்கம்பியில் இருமுறை உரசி, ஒட்டியிருக்கும் பனியைச் சுரண்டிவிட வேண்டும். மகள் இதை ஒவ்வொரு முறையும் செய்கிறாள், நெம்பு ‘டக்’ என்று மடங்கும் ஓசையைக் கேட்ட பிறகுதான் நிமிர்கிறாள். பிள்ளைகளின் பனிச்சறுக்கு பூட்ஸில் முன்னும் பின்னும் நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்பு பெரியவர்களின் பூட்ஸில் இருப்பதைவிடக் குறுகலாகவும் மெல்லியதாகவும் இருக்கும் என்பதால், கம்பிகள் அதை ஆடாமல் கவ்வும்படி சரிசெய்த பின்பே பனியில் இறங்க வேண்டும். நடப்பதற்கு வசதியாக அடி வளைந்த புதுவகைப் பூட்ஸ் இந்தத் தட்டுக்குப் பொருந்தாது. முன்காலுக்கு விரல் பக்கமும் பின்காலுக்குக் குதிகால் பக்கமும் சிறிது உயர்த்தி வைக்கும் ஆப்புகள் தனியே கிடைக்கின்றன. அவற்றை வைத்த பிறகு மகனின் முழங்கால் வலி நின்றது.

பலகையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கார்விங்குக்கென்றே செய்த குறுகிய பலகை முதல் ஆண்டில் தேவையில்லை. முன்னும் பின்னும் வேறுபட்ட, பிள்ளையின் எடைக்கு வளையக்கூடிய சாதாரணச் சிறுவர் பலகையில் இந்தத் தட்டுகளைத் திருகினாலே போதும்; திருகு துளைகளின் அமைப்பு பொருந்துகிறதா என்று மட்டும் கடையிலேயே பார்த்துவிடுங்கள். பூட்ஸின் நுனியோ குதிகாலோ விளிம்புக்கு வெளியே நீட்டினால் சாயும்போது பனியில் இடித்துத் தூக்கி எறியும். ஆகவே நீட்டாத அளவுக்குப் பாதங்களைத் திருப்பி, பின்பாதத்தை முன்பாதத்தைவிட ஐந்து பாகை குறைத்து வைத்தோம். மகனுக்கு முன்கால் 50 பாகை, பின்கால் 45. பலகையின் பக்கவாட்டு வளைவின் ஆரம் சிறியதாக இருப்பது பிள்ளைகளுக்கு நல்லது. 8 மீட்டர் ஆரமுள்ள பலகையை 60 பாகை சாய்த்தால் இறுகிய பனியில் திருப்பத்தின் ஆரம் ஏறக்குறைய 4 மீட்டராகிவிடும் என்பது எளிய கணக்கு. வேகம் கூடாமலே வட்டம் சுருங்குவதால் பிள்ளைக்கு அச்சம் குறைகிறது.

சரிவில் அம்மானே கற்றுக்கொடுத்தார். எளியது என்று நீல நிறக் குறியிட்ட, அகலமான, மிதமான சரிவு ஒன்றையே அவர் பிடிவாதமாகத் தேர்ந்தார். அதைவிடக் கடினமான சிவப்புக் குறிச் சரிவுக்குப் போகலாம் என்று மகன் கெஞ்சியும் இசையவில்லை, அது சரியான முடிவு. கிறிஸ்துமஸ் வாரத்தில் கூட்டம் பெருகும் என்பதால், இரவில் இயந்திரம் சமன்செய்துவிட்டுப் போன பனி கலையாதிருக்கும் முதல் ஒரு மணி நேரத்தையே பயன்படுத்தினோம். முதல் பாடத்தில் திருப்பமே இல்லை: சரிவுக்குக் குறுக்கே ஓடி, பலகையை மெல்லச் சாய்த்து, அது தானே மேட்டுப் பக்கம் ஏறி நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். பிறகு திரும்பிப் பார்த்துத் தடத்தைப் படிக்க வேண்டும். மகள் நெடுநேரம் அகலமான தடமே போட்டுக்கொண்டிருந்துவிட்டு, திடீரென்று, “அம்மான், ஒரு கோடுதான் விழுந்திருக்கு, வந்து பாருங்க!” என்று கத்தினாள். அவர் பலகையைக் கழற்றிவிட்டு ஏறி வந்து, அந்தக் கோட்டின் அருகே மண்டியிட்டு, எங்கே தொடங்கியது, எங்கே சற்றுத் தேய்ந்தது என்று விரலால் காட்டினார். ஒரு பிள்ளைக்குத் தன் தவறும் தன் வெற்றியும் இவ்வளவு தெளிவாகக் கண்முன் எழுதப்படும் விளையாட்டு வேறு உண்டா என்று எனக்குத் தெரியவில்லை. மிகவும் மகிழ்ந்தேன்.

பாதுகாப்பில் விட்டுக்கொடுக்க எதுவும் இல்லை. தலைக்கவசம் கட்டாயம், ஸ்னோபோர்டில் கைமணிக்கட்டுக் காயம் மிகுதி என்பதால் மணிக்கட்டுக் காப்பும் போட்டோம். இந்தப் பைண்டிங் விழும்போது தானாகக் கழன்றுகொள்ளாது. இரு கால்களும் ஒரே பலகையில் இருக்கும்வரை அது பெரிய ஆபத்தில்லை. ஒரு காலை மட்டும் மாட்டிக்கொண்டு லிஃப்டுக்கு நகரும்போதுதான் முழங்கால் முறுக்கிக்கொள்ளும் என்பதால், அந்த நேரத்தில் பிள்ளையை அவசரப்படுத்தக் கூடாது. மேலிருந்து வருகிறவரே கீழே இருப்பவருக்கு வழிவிட வேண்டும் என்பது சரிவின் விதி என்றாலும், கார்விங் செய்கிறவர் சரிவின் முழு அகலத்தையும் எடுத்துக்கொள்வதால், ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன் தோள்வழியே மேலே பார்க்கும் பழக்கத்தைப் பிள்ளைகளிடம் முதலிலேயே உண்டாக்கிவிட வேண்டும்.

பலகையும் பைண்டிங்கும் இன்ஸ்ப்ரூக்கிலேயே இருக்கின்றன. பூட்ஸை மட்டும் ஊருக்குக் கொண்டுவருகிறோம். ஐப்பசியில் ஒருமுறை மாட்டிப் பார்த்தால் கால் வளர்ந்திருப்பது தெரிந்துவிடும், மாற்று தேடச் சொல்லி அம்மானுக்கு முன்கூட்டியே தகவல் அனுப்பலாம். வளவில் பிள்ளைகள் இதைப் போட்டு நடந்தால் ஆத்தங்குடிக் கல் கீறிப்போகும் என்று அப்பத்தா கோரைப்பாயை இரட்டையாக விரித்துத் தருகிறார். பாலிஷ் ஏறிய அந்தத் தரையில் பிளாஸ்டிக் அடி வழுக்கும் என்பதாலும் பாய் வேண்டியதுதான். வெயில் இறங்கும் மச்சில் இவற்றை வைக்கக் கூடாது. பாலியூரித்தேன் கூடுகள் சூட்டிலும் ஈரப்பதத்திலும் ஆண்டுக்கணக்கில் மெல்லச் சிதைந்து, ஒருநாள் கால் மாட்டிய நிலையிலேயே வெடித்து உடையக்கூடும். சுண்ணாம்புச் சுவர் கொண்ட உள்ளறையின் குளிர்ச்சி இதற்கு ஏற்றது. லைனரைக் கழற்றி நன்றாக உலர்த்தி, திரும்பப் போட்டு, கூடு உருமாறாதபடி பக்கிள்களைத் தளர்வாக மாட்டி வைக்கிறோம். பழைய பூட்ஸ் வாங்குகிறவர்கள் மலிவைப் பார்க்கும் முன் தயாரித்த ஆண்டைக் கேட்க வேண்டியதும் இதனால்தான். பத்து ஆண்டு கடந்ததைப் பிள்ளைக்கு வாங்க மாட்டேன்.

இந்தியாவுக்குள்ளேயே முயல விரும்புகிறவர்கள் ஓர் ஒப்பீட்டை மனத்தில் வைக்கலாம். காஷ்மீரின் குல்மார்க்குக்குப் புகழ் அதன் ஆழ்ந்த மென்பனியால். கார்விங்குக்கு வேண்டியது சமன்செய்த இறுகிய பனி. 2011இல் தெற்காசியக் குளிர்கால விளையாட்டுகள் நடந்த உத்தராகண்டின் ஔலிச் சரிவு இதற்குக் கூடுதலாகப் பொருந்தும். இரண்டு இடங்களிலும் வாடகைக்குக் கிடைப்பவை மென்பூட்ஸே என்று எண்ணிக்கொண்டு, பிள்ளையின் பூட்ஸையும் தட்டுப் பைண்டிங்கையும் எடுத்துச் சென்று, பலகையை மட்டும் அங்கே வாடகைக்கு எடுப்பது நல்லது. பைண்டிங்குடன் வந்த எம்6 திருகுகளில் சிலவற்றைக் கூடுதலாகவும், அவற்றுக்கேற்ற பெரிய முனைத் திருப்புளி ஒன்றையும் விமானத்தில் ஏற்றிவிடும் பெட்டியிலேயே வையுங்கள். திருகு நீளம் கூடினால் வாடகைப் பலகையின் அடிப்பாகம் புடைத்துக்கொள்ளும்; ஆகவே முதலில் கையால் திருகி, இறுதிவரை எளிதாக இறங்குகிறதா என்று பார்த்துவிட்டு முறுக்குங்கள்.