38,600 ரூபாய் போச்சு: பெங்களூரில் ஏழு சீட்டர் வண்டி வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

வீட்டு வாசலுக்கே ஆள் அனுப்பி வண்டியை எடுத்துப் போய், சர்வீஸ் முடித்துத் திருப்பிக் கொண்டுவந்து விடும் ஆப் ஒன்று, முன் சஸ்பென்ஷன் மொத்தமும் மாற்றினோம் என்று சொல்லி 38,600 ரூபாய் வாங்கியிருக்கிறது. மாற்றியது இரண்டு லிங்க் ராட் (சஸ்பென்ஷனில் இருக்கும் சின்ன இணைப்புக் கம்பி) மட்டும். மீதி எல்லாம் பழைய பார்ட்ஸ்தான். துடைத்து, கறுப்பு ஸ்ப்ரே அடித்து அனுப்பியிருக்கிறார்கள். புகார் போய்க்கொண்டிருப்பதால் பெயர் போடவில்லை. எப்படி ஏமாற்றினார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்று கடைசியில் எழுதுகிறேன்.

எங்கள் வண்டி 2016 எர்டிகா, டீசல். முன்னால் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட், அதாவது ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகச் சேர்ந்த தூண். டீசல் இன்ஜின் பெட்ரோலைவிடக் கனம், அந்தக் கனம் முன்பக்கத்தில்தான் விழும். அதோடு பொங்கல், தீபாவளிக்கு ஏழு பேரும் லக்கேஜுமாக ஓசூர், கிருஷ்ணகிரி, தொப்பூர் வழியாக சேலம் பக்கம் போகிற வண்டி. ஊருக்குள் தெருவுக்குத் தெரு ஹம்ப், மழை முடிந்தால் அவுட்டர் ரிங் ரோடு முழுக்கப் பள்ளம். இந்த உழைப்புக்கு முன் சஸ்பென்ஷனில் ரப்பர் போவது சகஜம், வண்டியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சின்ன ஹம்பில் மெதுவாக ஏறினால் இடது பக்கம் டக் டக் என்று ஒரு சத்தம். பிரேக்கை அழுத்தினால் அடியில் தொம் என்று ஒரு இடி. புகார் இவ்வளவுதான்.

நம்பிக்கை வந்த இடத்தைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அவர்களுடைய தொழிலே அதுதான். வண்டி எடுக்க வந்த பையன் தமிழில் பேசினான். "நம்ம தர்மபுரி பக்கந்தாண்ணே, நான் பார்த்துக்கிறேன், கவலைப்படாதீங்க" என்றான். வண்டியைச் சுற்றிப் போட்டோ எடுத்தான், கிலோமீட்டர் ரீடிங்கைக் குறித்தான், டேஷ்போர்டில் இருந்த சில்லறைக் காசைக்கூட எண்ணி எழுதிக்கொண்டான். அவன் மேல் கோபம் இல்லை, அவனுக்கு இதெல்லாம் தெரிந்திருக்காது. மதியம் வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வந்தது. லிஃப்டில் தூக்கிய வண்டியின் அடிப்பக்கம். கிரீஸ் படிந்த ஒரு கை, மணிக்கட்டில் சிவப்புக் கயிறு. கடப்பாரை மாதிரி ஒரு கம்பியை லோயர் ஆர்ம் (சக்கரத்தை அடியில் பிடித்திருக்கும் இரும்புக் கை) புஷ்ஷுக்குள், அதாவது அதன் ரப்பர் மூட்டுக்குள் விட்டு நெம்புகிறது. கிழிந்த ரப்பர் வாய் பிளந்து மூடுகிறது. பிறகு லிங்க் ராடை ஆட்டுகிறது, கடகட என்று ஆடுகிறது. கூடவே ஒருவர் ஹிந்தியில் ஒவ்வொன்றாக விளக்குகிறார். எந்த ஒர்க்‌ஷாப்பில் இவ்வளவு காட்டுவார்கள் என்றுதான் யாருக்கும் தோன்றும். அந்த வீடியோவைப் பார்த்துத்தான் அப்ரூவ் பட்டன் அழுத்தப்பட்டது.

பில் இது. முன் ஸ்ட்ரட் இரண்டு 13,400. ஸ்ட்ரட்டின் மேல்முனையை வண்டியோடு பிடிக்கும் மவுண்ட், பேரிங்குடன் இரண்டு 4,200. லோயர் ஆர்ம் இரண்டு 9,600. லிங்க் ராட் இரண்டு 2,400. லேபர் 9,000. மொத்தம் 38,600. வீல் அலைன்மென்ட் இலவசம் என்று கீழே ஒரு வரி. ஒரு பார்ட்டுக்குக்கூட பார்ட் நம்பர் கிடையாது.

டக் டக் சத்தம் நின்றது. லிங்க் ராட் மாற்றினால் அது நிற்கும். பிரேக் பிடித்தால் வருகிற இடி மட்டும் அப்படியே இருந்தது. முன் டயர் இரண்டும் உள்பக்கமாகத் தேய ஆரம்பித்தன. அல்சூர் பக்கம் ஒரு தமிழ் மெக்கானிக்கிடம் காட்டியபோது, அவர் லிஃப்டில் ஏற்றி, டார்ச் அடித்து ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "சார், இதுல ஸ்பேனரே படலை" என்றார். வேஸ்ட் துணியைப் பெட்ரோலில் நனைத்து இடது ஸ்ட்ரட்டைத் துடைத்தார். கறுப்பு கையோடு வந்தது. அடியில் பழைய துரு, அதற்குமேல் ஆயில் கசிந்து மண் ஒட்டிக் காய்ந்த தடம். லோயர் ஆர்மின் பின் புஷ்ஷைத் துடைத்தால், பெயின்டுக்குக் கீழே பாதிச் சுற்றுக்கு ரப்பர் கிழிந்து கிடக்கிறது. பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பின்னால் நகர்ந்து இடிப்பது அந்தக் கிழிசலில்தான். டோ (முன் சக்கரங்கள் நேராக நிற்கும் கோணம்) கெட்டு டயர் உள்பக்கம் தேய்வதும் அதனால்தான்.

தொப்பூர் இறக்கத்தில் வீட்டு ஆட்கள் ஏழு பேரை வைத்துக்கொண்டு, கிழிந்த புஷ்ஷோடு பிரேக் பிடிக்க விட்டிருக்கிறார்கள். 38,600 ரூபாய் ஒரு பக்கம் இருக்கட்டும், வயிறு எரிவது இதற்குத்தான்.

வேலை நடந்ததா இல்லையா என்று கண்டுபிடிப்பது கஷ்டமில்லை, நன்றாகக் கவனியுங்கள். ஸ்ட்ரட்டைக் கழற்ற வேண்டுமென்றால், அடியில் நக்கிளோடு (சக்கரம் மாட்டியிருக்கும் இரும்புத் துண்டு) பிடித்திருக்கும் இரண்டு பெரிய போல்ட்டை அவிழ்த்தாக வேண்டும். மேலே மவுண்ட்டின் நட்டையும் அவிழ்க்க வேண்டும். வருஷக்கணக்கில் துருப்பிடித்த போல்ட்டில் ஸ்பேனர் பட்டால், அதன் முனைகளில் துரு உரிந்து இரும்பு பளிச்சென்று தெரியும். இந்த வண்டியில் துரு கலையவே இல்லை. பானெட்டைத் திறந்தால் தெரியும் மவுண்ட் நட்டைச் சுற்றி தூசி கெட்டியாகப் படிந்து கிடந்தது. அதைப் பார்க்க லிஃப்ட்கூட வேண்டாம்.

புது ரப்பர் புஷ்ஷில், அச்சிலிருந்து எடுத்ததற்கு அடையாளமாக நூல் மாதிரி மெல்லிய பிசிறு நீட்டிக்கொண்டிருக்கும். விளிம்பு கூராக இருக்கும். நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழுந்து திரும்பும். பழைய ரப்பருக்கு எவ்வளவு பெயின்ட் அடித்தாலும் வெடிப்பு மறையாது. புது ஸ்ட்ரட்டின் ராட் கண்ணாடி மாதிரி இருக்கும். அதன் உடம்பில் தயாரிப்பு விவரம் பொறித்திருக்கும் அல்லது ஸ்டிக்கர் இருக்கும். புதுசாக மாட்டியதாகச் சொன்ன ஸ்ட்ரட்டில் இருந்தது 2016.

சத்தத்தை வைத்தே பாதி கண்டுபிடித்துவிடலாம். குறைந்த வேகத்தில் சின்னச் சின்ன மேடுபள்ளத்தில் டக் டக் என்றால் பெரும்பாலும் லிங்க் ராட், அல்லது ஸ்டெபிலைசர் பார் (திருப்பத்தில் வண்டி சாயாமல் பிடிக்கும் கம்பி) புஷ். இது இருப்பதிலேயே மலிவான வேலை. பிரேக் பிடிக்கும்போதோ கிளம்பும்போதோ ஒற்றை இடி என்றால் லோயர் ஆர்மின் பின் புஷ். வண்டியை நிறுத்தி ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பும்போது ஸ்பிரிங் டிங்கென்று துள்ளினால் ஸ்ட்ரட் மவுண்ட் பேரிங். ஹம்ப் தாண்டிய பிறகும் மூக்கு இரண்டு மூன்று முறை ஆடினாலோ, ஸ்ட்ரட் மேல் ஆயில் வழிந்தாலோ மட்டும் ஷாக் அப்சார்பர். இந்த வண்டிக்கு உண்மையில் தேவைப்பட்டது லிங்க் ராட், லோயர் ஆர்ம், ஆயில் கசிந்த ஸ்ட்ரட். ஸ்ட்ரட் ஒரு பக்கம் போனாலும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். அதாவது அவர்கள் சொன்ன நோய் பெரும்பாலும் சரி. மருந்துக்குக் காசு வாங்கிக்கொண்டு மருந்து தரவில்லை, அவ்வளவுதான்.

இன்னொன்று, நல்ல மெக்கானிக்குகளே சில பேர் விடுகிற தப்பு. லோயர் ஆர்ம் புஷ்ஷின் போல்ட்டைச் சக்கரம் தொங்கும் நிலையில் முழுக்க இறுக்கக் கூடாது. வண்டியை இறக்கி, எடை சக்கரத்தில் உட்கார்ந்த பிறகுதான் கடைசி இறுக்கு. இல்லாவிட்டால் வண்டி இறங்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும், புது புஷ்ஷும் சீக்கிரம் கிழியும். ஸ்ட்ரட்டையோ லோயர் ஆர்மையோ கழற்றினால் அலைன்மென்ட் கட்டாயம். அலைன்மென்ட் செய்வதற்கு முன்னும் செய்த பிறகும் இருந்த அளவோடு மெஷினில் எடுத்த பிரின்ட் தருவார்கள். இவர்கள் தரவில்லை. கேட்டதற்கு "காம்ப்ளிமென்டரி சார், அதுக்கு ரிப்போர்ட் வராது" என்றார்கள்.

இனி அவர்கள் தட்டிக் கழித்த கதை. முதல் போன்: "புது பார்ட்ஸ் சார், ஓட ஓட செட் ஆகும்." அடுத்தது: "பெங்களூர் ரோடு அப்படி சார்." பழைய பார்ட்ஸ் எங்கே என்றால் "ஸ்கிராப்புக்குப் போயிடுச்சு." துடைத்த ஸ்ட்ரட்டின் போட்டோ அனுப்பினால், "வெளி மெக்கானிக் கை வச்சதால வாரன்டி கேன்சல்." துணியால் துடைத்தது கை வைத்த கணக்காம். கொஞ்சம் அழுத்திக் கேட்டதும், "நாங்க பிளாட்ஃபார்ம் மட்டுந்தான், வேலை செஞ்சது பார்ட்னர் கராஜ், அவங்ககிட்ட பேசுங்க" என்று ஒரு நம்பர். அது ஸ்விட்ச் ஆஃப். பணம் யாருடைய கணக்கில் விழுந்தது? பில்லில் இருக்கும் பெயர் யாருடையது? பிளாட்ஃபார்முடையது. கடைசியில் புகார் டிக்கெட்டைத் தீர்ந்தது என்று அவர்களே மூடிவிட்டு, அடுத்த சர்வீஸுக்கு 500 ரூபாய் கூப்பன் அனுப்பினார்கள். 38,600 ரூபாய்க்கு 500 ரூபாய் கூப்பன்.

வீடியோ விஷயம் அதற்குப் பிறகுதான் வெளியே வந்தது. அபார்ட்மென்ட் குரூப்பில் இதைப் போட்டதும், கீழ் பிளாட்டில் ஹேட்ச்பேக் வைத்திருக்கும் ஒருவர் அவருக்கு அதே ஆப் அனுப்பிய வீடியோவைக் காட்டினார். அதே கம்பி, அதே கிழிந்த புஷ், மணிக்கட்டில் அதே சிவப்புக் கயிறு. வெவ்வேறு கம்பெனி வண்டிகள், ஒரே வீடியோ.

1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவாகிவிட்டது. 2020 ஈ-காமர்ஸ் விதிகள்படி இப்படிப்பட்ட பிளாட்ஃபார்முக்குக் குறைதீர்ப்பு அதிகாரி இருக்க வேண்டும். புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அந்த அதிகாரியின் மெயிலுக்கு எழுத்தில் அனுப்புங்கள், சாட்டோடு விடாதீர்கள். அதற்கும் அசையாவிட்டால் நாம் குடியிருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும்.

நிறைய எழுத நினைத்தேன், இப்போது நேரமும் இல்லை, மனசும் நிதானத்தில் இல்லை. அவசரமாக இவ்வளவு மட்டும்.

வீடியோ என்றால் நம்பர் பிளேட்டில் ஆரம்பித்து, கட் இல்லாமல் பார்ட் வரை போக வேண்டும். இல்லையென்றால் அப்ரூவ் செய்யாதீர்கள். பழைய பார்ட்ஸ் வண்டி டிக்கியிலேயே திரும்பி வர வேண்டும் என்று வேலைக்கு முன்பே எழுத்தில் சொல்லிவிடுங்கள், புது பார்ட்ஸின் காலிப் பெட்டியையும் கேளுங்கள். பார்ட் நம்பர் இல்லாத பில்லுக்குப் பணம் கட்டாதீர்கள். வண்டி திரும்பி வந்ததும், கொண்டுவந்தவரை நிற்க வைத்துவிட்டு, பானெட்டைத் திறந்து ஸ்ட்ரட் மவுண்ட் நட்டைப் பாருங்கள். கார்டில் கட்டுங்கள், பேங்கில் டிஸ்ப்யூட் போட வழி இருக்கும். யூபிஐயில் போன காசை அப்படித் திரும்ப இழுப்பது கஷ்டம். இந்த 38,600 போனது யூபிஐயில்தான்.

அந்த சிவப்புக் கயிறு வீடியோ வேறு யாருக்காவது வந்திருந்தால், அழிக்காமல் வைத்திருங்கள், பில்லோடு எனக்கு அனுப்புங்கள். புகாரில் சேர்க்க வேண்டும்.