இரட்டைக் கர்ப்பமும் குறைப்பிரசவ பயமும்: எந்த ஸ்கேனை நம்பலாம்?

வயிற்றில் ரெட்டைப் பிள்ளை என்று தெரிந்ததும் வீட்டுப் பெரியவர்கள் கேட்கிற முதல் கேள்வி, "மாசம் நிறையுமா?" என்பதுதான். கேட்பதில் தப்பில்லை. இரட்டைக் கர்ப்பங்களில் பாதிக்கு மேல் 37 வாரம் முடிவதற்குள் பிரசவமாகிவிடுகின்றன. பத்தில் ஒன்று 32 வாரத்துக்கும் முன்பே. அந்த ஒருவர் யார் என்று முன்னாலேயே அறியத்தான் கர்ப்பப்பை வாயின் நீளத்தை ஸ்கேனில் அளக்கிறார்கள். நீளம் குறையக் குறைய, சீக்கிரம் பிரசவமாகும் அபாயம் கூடும்.

வழக்கமாக நடப்பது வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கிற ஸ்கேன். என் தங்கைக்கு 20ஆம் வாரம் அப்படித்தான் பார்த்தார்கள். இரண்டு பாட்டில் தண்ணீர் குடித்து, மூச்சு முட்டப் படுத்திருந்தாள். 36 மில்லிமீட்டர் வந்தது. அங்கிருந்த டாக்டர், "பாத்ரூம் போயிட்டு வாம்மா, உள்ளே ஒரு தடவை பார்த்துடலாம்" என்றார். திரும்பி வந்து பார்த்தபோது 28. பத்து நிமிஷத்தில் கர்ப்பப்பை வாய் சுருங்கிவிடவில்லை. நிரம்பிய மூத்திரப்பை அழுத்தினால் அது நீண்டு தெரியும். குழந்தையின் தலை மறைத்துக்கொண்டு சரியாகத் தெரியாமல் போவதும் உண்டு.

பிறப்புறுப்பு வழியாக எடுக்கும் ஸ்கேனுக்கு வெறும் மூத்திரப்பை போதும். உறை மாட்டிய மெல்லிய கருவியை மெதுவாக வைத்து, அழுத்தாமல், உள்வாயிலிருந்து வெளிவாய் வரை கோடு போட்டு அளப்பார்கள். சில நிமிஷம் பொறுத்து மூன்று முறை அளந்து, படம் தெளிவாக இருப்பதில் குறைந்த அளவை எடுத்துக்கொள்வார்கள். கருவி கர்ப்பப்பை வாய்க்குள் நுழைவதில்லை. இதனால் பனிக்குடம் உடையாது, வலியும் கிளம்பாது. கூச்சத்தாலும் பயத்தாலும் இதை வேண்டாம் என்கிற பெண்களைப் பார்த்தால் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும். இரண்டில் எது என்று கேட்டால், யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன். விரல் விட்டுப் பார்ப்பதை இதோடு ஒப்பிடவே வேண்டாம். வாய் திறப்பது உள்பக்கத்திலிருந்து, புனல் மாதிரி. விரலுக்கு எட்டுவது வெளிப்பக்கம்.

பொதுவாகக் கையாளும் எல்லை 25 மில்லிமீட்டர். பல ஆய்வுகளைத் தொகுத்து 2010இல் வெளியான அலசல் ஒன்று, 20 முதல் 24 வாரத்துக்குள் நீளம் 20 மில்லிமீட்டரோ அதற்குக் கீழோ இருந்தால், 32 வாரத்துக்கு முன் பிரசவமாகும் அபாயம் வெகுவாகக் கூடுவதாகக் காட்டியது. அதே அலசலில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. அப்படி 32 வாரத்துக்கு முன் பிரசவித்தவர்களில் நூற்றுக்கு 39 பேருக்குத்தான் அளவு அவ்வளவு குறைந்திருந்தது. மற்றவர்களுக்கு அந்த ஸ்கேன் எச்சரிக்கை எதுவும் கொடுக்கவில்லை. ஆகவே அளவு குறைந்தால் அதை நம்பிக் காரியத்தில் இறங்கலாம். அளவு நன்றாக இருக்கிறது என்பதற்காக அசட்டையாக இருக்கக்கூடாது.

அதனால்தான் ஒரே முறையா, திரும்பத் திரும்பவா என்கிற கேள்வி எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. சிலருக்கு நீளம் அப்படியே நிற்கும். சிலருக்குக் கொஞ்சம் குறைந்து நின்றுவிடும். சிலருக்கு ஆரம்பத்திலேயே வேகமாகக் குறையும். சிலருக்குக் கடைசியில்தான் சரியும். ஒரே அளவை வைத்து இவர்களைப் பிரித்துச் சொல்ல முடியாது. நஞ்சுக்கொடி ஒன்றே இருக்கும் இரட்டையருக்கு 16 வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒரு முறை எப்படியும் ஸ்கேன் உண்டு. கூடவே ஐந்து நிமிஷம் இதையும் பார்க்கச் சொல்லலாம். தங்கைக்கு 22ஆம் வாரம் 24 மில்லிமீட்டர், 24ஆம் வாரம் 19 மில்லிமீட்டர்.

ஃபைப்ரோநெக்டின் என்கிற புரதம் இருக்கிறதா என்று, கர்ப்பப்பை வாய்ப் பக்கத்திலிருந்து பஞ்சுக்குச்சியில் கசிவை எடுத்துப் பார்க்கும் சோதனையும் இருக்கிறது. 1996இல் வந்த அமெரிக்க ஆய்வில் 24 வாரத்தில் ஸ்கேன் அளவுதான் முந்தி நின்றது. 28 வாரத்தில் இந்தச் சோதனைக்கு மதிப்பு இருந்தது. ஸ்கேனுக்குத் துணையாக வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம்.

அளவு குறைந்தால் என்ன செய்வது? இந்த இடத்தில் கை கொஞ்சம் கட்டுப்பட்டுத்தான் இருக்கிறது. கர்ப்பப்பை வாயில் மாட்டும் சிலிகான் வளையம் பலன் தரவில்லை என்று 2021இல் வெளியான, பிரிட்டன் தலைமையிலான பெரிய ஆய்வு சொன்னது. பிறப்புறுப்புக்குள் வைக்கும் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் மாத்திரை, கர்ப்பப்பை வாயின் நீளம் குறைந்தவர்களுக்கு உதவலாம் என்கிறார்கள். எல்லா இரட்டைக் கர்ப்பத்துக்கும் கொடுப்பதில் பயனில்லை. நீளம் குறைந்திருக்கிறது என்பதற்காக மட்டும் கர்ப்பப்பை வாயில் தையல் போடுவதைப் பற்றி இன்னும் கருத்து வேறுபாடு உண்டு; 24 வாரத்துக்குள் வாய் திறந்தே விட்டால் தையல் பல குழந்தைகளைக் காப்பாற்றியது என்று 2020இல் ஓர் ஆய்வு காட்டியது. படுத்த படுக்கையாகக் கிடப்பதால் பிரசவம் தள்ளிப்போவதாக ஆதாரம் இல்லை.

ஆனால் எங்கே, எப்போது என்பதைத் தீர்மானிக்க அந்த மில்லிமீட்டர் கணக்கு உதவும். குழந்தையின் நுரையீரலுக்காகத் தாய்க்குப் போடும் ஸ்டீராய்டு ஊசி, போட்ட ஒரு வாரத்துக்குள் பிரசவமானால்தான் முழுப் பலன் தரும். முன்கூட்டியே போட்டு வைப்பதில் லாபமில்லை. 19 என்று வந்த அன்று மாலையே, வீட்டுக்குப் பக்கத்திலிருந்த நர்சிங் ஹோமை விட்டுவிட்டு, பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள ஆஸ்பத்திரியில் தங்கையின் பெயரைப் பதிந்தோம். 33ஆம் வாரம் இடுப்பு வலி கண்டது; ஊசியின் இரண்டு டோஸும் முடிந்து மறுநாள்தான் பிரசவம். இரண்டும் பெண். சின்னவள் பதினோரு நாள் இன்குபேட்டரில் இருந்தாள்.